தன்னைப் பகைக்கும் பிள்ளை
கட்டிளமைப் பருவத்தினர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு குடும்பப் பாடம்

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்ட இயேசு, தேடிவந்த தாயோடும் வளர்ப்புத் தந்தையோடும் நாசரேத்துக்குத் திரும்பினார். அதன்பின் ஏறக்குறைய முப்பது வயதில் யோர்தான் ஆற்றங்கரையில் வந்து நிற்கும்வரை அவரைப்பற்றி நற்செய்தி கூறுவது மிகச் சொற்பம். பெற்றோருக்குப் பணிந்திருந்தார், அறிவிலும் உடலிலும் வளர்ந்தார், கடவுளுக்கும் மனிதருக்கும் மேன்மேலும் உகந்தவரானார் என்ற கருத்தை இரண்டே வசனங்களில் (லூக்கா 2:51-52) சொல்லிவிட்டுப் புனித லூக்கா அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறார். பதினெட்டு ஆண்டுகள் இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிட்டன.

"வளர்ந்தார்" என்பதை நாம் சாதாரணமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். வளர்தல் என்றால் நேற்று இல்லாதது இன்று உண்டாவது. இன்று இல்லாதது நாளை உண்டாகும் என்று காத்திருப்பது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சியான புனித யுஸ்தீன், நம் ஆண்டவர் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். சூசையப்பருடைய பட்டறையில் முதல் நாளிலேயே அவர் தேர்ந்த தச்சராக இருந்தார் என்று நினைக்க வேண்டியதில்லை. மனிதனாகப் பிறந்தவர் மனிதர் கற்பதுபோலத்தான் கற்றார். இறைமகனுக்கே வளர்வதற்குக் காலம் கொடுக்கப்பட்டது. அப்படியிருக்க, நம் வீட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளை, தான் இன்னும் முழுமையாகவில்லையே என்று தன்னைத்தானே வெறுத்துக்கொள்வது ஏன்? இவ்வாரப் பாடம் இந்தக் கேள்வியைப் பற்றியது.

கல்முனைப் பக்கத்தில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள். இப்போது பெறுபேறு கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் மருதமுனையிலிருந்து காரைதீவுவரை யாருக்கு "ஒன்பது ஏ" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாடசாலை மதிலிலும் சந்தியிலும் படம் போட்ட பதாகைகள் தொங்கும். அந்தப் பிள்ளைகளை வாழ்த்தத்தான் வேண்டும், உழைத்துப் பெற்றார்கள். ஆனால் ஐந்து ஏயும் மூன்று பீயும் ஒரு சீயும் எடுத்த பிள்ளை, நியாயப்படி மகிழ வேண்டிய பிள்ளை, அன்று அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தாய்க்குத் தெரியாது. "நான் ஒன்றுக்கும் உதவாதவள். அப்பாவுடைய காசைத் தின்றதுதான் மிச்சம். என்னை யாருக்கும் பிடிக்காது. என் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது." இத்தகைய வார்த்தைகளை அப்பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளே, இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே பெறுபேற்றோடு உங்கள் தோழி உங்களிடம் அழுதுகொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கத்தோலிக்கப் பிள்ளையாக இருக்கலாம். பக்கத்து வாங்கில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையாக இருக்கலாம். பாண்டிருப்பிலிருந்து வரும் சைவப் பிள்ளையாகவும் இருக்கலாம். மேலே சொன்ன வார்த்தைகளில் ஒன்றையாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள். அப்படிச் சொல்வது பாவம் என்று உங்களுக்குத் தெரியும். அயலாருக்குச் சொன்னால் பாவமாகும் சொல், உங்களுக்கே சொல்லும்போது மட்டும் எப்படிப் புண்ணியமாகிவிடும்?

இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று, கட்டளையோடு சம்பந்தப்பட்டது. அயலாரை நேசிக்கும்படி பழைய ஏற்பாடு பணித்தபோது (லேவியர் 19:18) தன்மேலுள்ள அன்பையே அதற்கு அளவுகோலாக வைத்தது. அந்தக் கட்டளையையே நம் ஆண்டவர் இரண்டாவது பெரிய கட்டளையாக எடுத்துரைத்தார் (மாற்கு 12:31). அளவுகோலே முறிந்திருந்தால் துணியை எதனால் அளப்பது? திருச்சபையின் மறைவல்லுநராகிய புனித தோமா அக்குவினாரும் இதை ஒரு தனிக் கேள்வியாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். கடவுளுக்குரிய அனைத்தையும் நாம் நேசிக்கிறோம், நாமும் கடவுளுக்குரியவர்களே, ஆகவே இறையன்பின் காரணமாக ஒருவன் தன்னையும் நேசிக்கக் கடமைப்பட்டிருக்கிறான் என்பது அவர் தரும் விடையின் சாரம்.

"அப்படியானால் தன்னை மறுத்துச் சிலுவையைச் சுமக்கச் சொன்னது என்ன?" என்று விவரமான பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. தன்னை மறுக்கிறவன் தன்னைப்பற்றிய நினைவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் பிறருக்கு இடம் கொடுக்கிறான். தன்னை வெறுக்கிறவனோ காலை முதல் இரவுவரை தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைப்பு கசப்பானது என்பதுதான் வேறுபாடு. முன்னவன் வீட்டில் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பான். பின்னவனுக்கு அம்மா களைத்திருப்பதே கண்ணில் படாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பக்தியுள்ள பிள்ளைகள் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பக்தியுள்ள பிள்ளைகள் என்றேன். நமக்கு நன்கு அறிமுகமான ஒரு புனிதையே இந்த வலைக்குள் அகப்பட்டவர். கல்முனையில் கார்மேல் பற்றிமாக் கல்லூரியின் பெயரை உச்சரிக்காத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. அந்தக் "கார்மேல்" என்ற பெயரைத் தாங்கிய துறவற சபையில் பதினைந்து வயதில் சேர்ந்தவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. ரோசாப் பூக்களைக் கையில் ஏந்திய அவருடைய சுரூபத்தைப் பார்த்து, பிறந்த நாள் முதல் பொறுமையும் புன்னகையுமாகவே வாழ்ந்தவர் என்று எண்ணிவிடுகிறோம். அவருடைய கட்டிளமைப் பருவம் அப்படியிருக்கவில்லை.

1873 தை 2ஆம் நாள் பிரான்ஸ் நாட்டில் அலன்சோன் நகரில் பிறந்தார் தெரேசா. நான்கரை வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இரண்டாவது தாயாக இருந்த அக்கா பவுலின் 1882இல் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். பாடசாலையில் வயதுக்கு மூத்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருத்தப்பட்டதால் பொறாமைக்கும் சீண்டலுக்கும் ஆளானார். அங்கு கழித்த ஐந்து ஆண்டுகளும் தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். (மறைக்கல்வியில் கெட்டிக்காரி. அதனால் பாடசாலைக் குருவானவர் அவரைத் தமது "சின்ன மறைவல்லுநர்" என்று செல்லமாக அழைப்பாராம். 1997 ஐப்பசி 19இல் பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல் அவரை உண்மையாகவே திருச்சபையின் மறைவல்லுநர் என்று பிரகடனம் செய்தபோது அந்தக் குருவானவர் விண்ணகத்தில் சிரித்திருப்பார்.)

1885இல், பன்னிரண்டு வயதில், ஒரு தியான நாட்களின்போது வேறொரு துன்பம் தொடங்கியது. பாவமல்லாததையெல்லாம் பாவமென்று அஞ்சும் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. மனத்தில் வந்துபோகும் அற்ப நினைவுகூட அவருக்குப் பாரமாயிற்று. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இந்த வேதனை நீடித்தது. அதோடு தொட்டதற்கெல்லாம் அழுகை. சிறு காரியத்துக்கு அழுவார். அழுகை ஓய்ந்ததும், ஏன் அழுதேன் என்று மறுபடி அழுவார். இதைச் சொல்பவர் வேறெவருமல்லர், அவரே. தவறு ஒன்று, அந்தத் தவறுக்காகத் தன்னைத் தண்டிப்பதில் பிறக்கும் தவறு இரண்டாவது. அறைக்கதவைச் சாத்திக்கொண்ட நம் பிள்ளைக்கு இந்த இரண்டாவது அழுகை நன்றாகவே தெரியும்.

இதிலிருந்து அவர் மீண்ட விதத்தைப் பெற்றோரும் மூத்த சகோதரங்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பதின்மூன்று வயது மூத்தவரான அக்கா மரி, அவருடைய ஞானத்தாயும்கூட. தெரேசா தம் மனத்தை வதைத்த ஒவ்வொன்றையும் நாள்தோறும் இந்த அக்காவிடம் சொல்வார். அக்கா சலிக்காமல் கேட்பார். பிறகு, "இவை பாவமல்ல, விட்டுவிடு, பாவசங்கீர்த்தனத்தில் இன்னதை மட்டும் சொன்னால் போதும்" என்ற விதமாக வழிகாட்டுவார். தெரேசா அப்படியே கீழ்ப்படிந்தார். அக்கா ஏளனம் செய்யவில்லை. "இதென்ன பைத்தியம்" என்று கேட்கவில்லை. நீண்ட பிரசங்கமும் வைக்கவில்லை. கேட்டார், பிரித்துக் காட்டினார், அவ்வளவுதான். 1886 ஐப்பசியில் மரியும் மடம் புகுந்தபோது தெரேசா தனித்துப்போனார். அப்போது, குழந்தைகளாயிருக்கையில் இறந்துபோன தம் நான்கு உடன்பிறப்புகளை நோக்கி, தமக்கு அமைதி பெற்றுத் தரும்படி மன்றாடினார். அமைதி கிடைத்தது.

அவ்வாண்டு நத்தார் இரவில் நடந்த சிறு சம்பவத்தைத் தெரேசா தமது மனமாற்றம் என்றே அழைக்கிறார். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்தார்கள். அந்நாட்டு வழக்கப்படி கணப்படுப்பின் அருகே வைத்த சப்பாத்துகளில் பிள்ளைகளுக்குப் பரிசுப் பொருட்கள் இருக்கும். தெரேசாவுக்கு வயது பதினான்கு ஆகப்போகிறது. ஆனாலும் கடைக்குட்டி என்பதால் அந்த வழக்கம் தொடர்ந்தது. தகப்பனார் லூயி மார்ட்டின் அன்று களைத்திருந்தார். நல்லவேளை, இதுவே கடைசி வருடம் என்ற கருத்தில் சற்று அலுப்போடு ஏதோ சொன்னார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது. கண்கள் கலங்கின. அக்கா செலினுக்குத் தங்கையைத் தெரியும். இப்போது கீழே போனால் அழுதுவிடுவாய், போகாதே என்றார். தெரேசாவோ கண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினார். பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகப்பன்முன் மகிழ்ச்சியோடு காட்டினார். தகப்பனும் சிரித்தார். நான்கரை வயதில் தாயோடு இழந்துபோன மனஉறுதியை அந்த இரவில் திரும்பப் பெற்றதாக அவர் எழுதுகிறார்.

இந்தத் தகப்பன் கெட்டவரல்லர். லூயியையும் அவருடைய மனைவி செலியையும் திருச்சபை 2015 ஐப்பசி 18இல் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. புனிதரான தகப்பன்கூடக் களைத்த இரவில் பிள்ளையை நோகடிக்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார். வயலிலிருந்தோ கடலிலிருந்தோ கந்தோரிலிருந்தோ களைத்து வரும் நம் தகப்பன்மார் இதில் ஆறுதல் பெறலாம்; கொஞ்சம் எச்சரிக்கையும் பெறலாம்.

அந்த இரவோடு தெரேசாவிடமிருந்த குறைகளெல்லாம் மறைந்துவிட்டனவா? இல்லை. 1888 சித்திரை 9இல் கார்மேல் மடத்தில் சேர்ந்த பிறகும் செபநேரத்தில் தூங்கிவிடுவார். நற்கருணை வாங்கியபின் நன்றி கூறும் வேளையிலும் தூக்கம் வந்துவிடும். பன்னிரண்டு வயதுத் தெரேசாவாக இருந்திருந்தால் இதற்கே வாரக்கணக்கில் அழுதிருப்பார். வளர்ந்த தெரேசாவோ, பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு அருமையானவர்களே, வைத்தியரும் நோயாளியை மயக்கியே சத்திரசிகிச்சை செய்கிறார் என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொண்டார். தம்மிடம் பயிற்சி பெற்ற இளம் சகோதரி ஒருவர் தம் குறைகளை எண்ணிச் சோர்ந்தபோது இவ்வாறு விளக்கினார்: மாடிப்படியின் அடியில் நிற்கும் சின்னக் குழந்தை முதற்படியில் ஏறக் காலைத் தூக்குகிறது, ஏற முடியவில்லை, விழுகிறது, மறுபடியும் தூக்குகிறது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் ஒருநாள் தானே இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போவார். குழந்தையின் வேலை காலைத் தூக்குவதுதான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மறவாதீர்கள். காலைத் தூக்க வேண்டும். தன்மேல் கனிவாயிருப்பது என்றால் படியடியில் படுத்துத் தூங்குவது என்று பொருள் கொள்ளக்கூடாது. பரீட்சைக்குப் படியாமல் கைத்தொலைபேசியில் இரவைக் கழித்துவிட்டு, "என்னை நானே நேசிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு இந்தப் பாடம் பொருந்தாது. மருதமுனைக்குப் போய்க் கைத்தறியில் நெய்பவரைக் கவனித்துப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறார். அறுந்த இரு நுனிகளையும் தேடி எடுத்து முடிச்சிடுகிறார். மறுபடி மிதியில் கால் வைக்கிறார். இழை அறுந்ததைக் காணாதவர்போல நெய்துகொண்டு போனால் துணி பழுதாகும். அறுந்துவிட்டதே என்று ஆத்திரத்தில் பாவு முழுவதையும் அறுத்தெறிந்தாலோ துணியே இராது.

பேதுருவும் (நம் அம்மம்மாமார் இராயப்பர் என்பார்கள்) யூதாசும் ஒரே இரவில் ஒரே ஆண்டவருக்கு எதிராகத் தவறியவர்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் தன் குற்றத்தைப் பிரதான குருக்கள்முன் அறிக்கையிட்டு வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான் என்று மத்தேயு (27:3-5) எழுதுகிறார். அறிக்கையும் இருக்கிறது, பரிகாரமும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே, இன்னும் என்னை நேசிக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை. பேதுரு மனங்கசந்து அழுதார். ஆனால் சீடர்களை விட்டு ஓடிவிடவில்லை. கடற்கரையில் ஆண்டவர் அப்பமும் மீனும் தயார் செய்து காத்திருந்த காலையில் பேதுரு தண்ணீரில் குதித்துக் கரை சேர்ந்தார் (யோவான் 21). காலைச் சாப்பாடு முடியும்வரை மறுதலித்ததைப்பற்றி ஆண்டவர் ஒரு வார்த்தை பேசியதாக நற்செய்தியில் இல்லை. பிறகுதான் கேள்வி, அதுவும் அன்பைப் பற்றிய கேள்வி.

தெரேசாவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குமுன் பாரிஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனையும் இங்கே நினைவுகூர வேண்டும். பெயர் பிரான்சிஸ் சலேசியார், வயது பத்தொன்பது. 1586ஆம் ஆண்டு முடிந்து 87 பிறக்கும் குளிர்காலத்தில், தான் நிச்சயமாக நரகத்துக்கென்று குறிக்கப்பட்டவன் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் உணவும் உறக்கமும் கெட்டு உடல் மெலிந்தார். இறுதியில் ஓர் ஆலயத்தில் தேவதாயின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டு, மறுமையில் உம்மை நேசிக்க எனக்கு வாய்க்காவிட்டாலும் இம்மையிலாவது நேசிக்க அருளும் என்ற பொருளில் மன்றாடினார். பாரம் நீங்கிற்று. பின்னாளில் ஜெனீவா ஆயரான இவர் 1609இல் இல்லறத்தாருக்காக எழுதி வெளியிட்ட பக்தி நூலில், நம்மேல் நாமே சாந்தமாயிருப்பதைப் பற்றித் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். கோபித்ததற்காகக் கோபிக்கிறவர்களையும், சினந்ததற்காகத் தம்மேல் சினப்பவர்களையும் அங்கே கண்டிக்கிறார். தகப்பன் சாந்தமாகச் சொல்லும் புத்திமதி, ஆத்திரத்தோடு சொல்வதைவிட மகனைத் திருத்தும் அல்லவா? உன் இருதயம் தவறும்போது அதற்கும் அப்படியே சொல்; அதட்டாதே, கையைப் பிடித்துத் தூக்கிவிடு என்பது அவருடைய போதனை. பட்டறிவில் எழுதியது என்பது வாசிக்கும்போதே தெரியும்.

நம் அயலவரிடமும் இதற்கு ஒத்த ஞானம் உண்டு. நோன்பு மாதத்தில் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் நோன்பு பிடித்திருக்கும்போது நம் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை மறைத்துக் குடிப்பதுண்டு, நல்ல மரியாதை. அந்தத் தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள். பருவம் அடையாத சிறுவருக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். நம் திருச்சபைச் சட்டமும் சுத்தபோசனத்துக்குப் பதினான்கு வயதும், ஒருசந்திக்குப் பதினெட்டு வயதும் ஆகட்டும் என்கிறது. சட்டம் வகுத்தவர்களே வயதையும் உடலையும் பார்த்திருக்கும்போது, பிள்ளை தனக்குத்தானே இரக்கமற்ற சட்டம் போட்டுக்கொள்ள வேண்டுமா?

இனிப் பெற்றோரிடம் சில வார்த்தை. பிள்ளையின் உள்ளே ஒலிக்கும் கடுஞ்சொல் பெரும்பாலும் வெளியிலிருந்து போனதுதான். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்", "உனக்காகத்தான் நாங்கள் இப்படி மாடாய் உழைக்கிறோம்", "சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது" என்பனவற்றை நாம் சொல்லி மறந்துவிடுகிறோம். பிள்ளை மறப்பதில்லை. நாம் நம்மைப்பற்றிப் பேசுவதையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. கறி கொஞ்சம் அடிப்பிடித்ததற்கு "நான் ஒரு மூதேவி" என்று தன்னை ஏசிக்கொள்ளும் தாயின் மகள், கணக்குப் பிழைத்ததற்குத் தன்னை அப்படியே ஏசிக்கொள்வாள்.

இந்தக் கரையில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை. அவ்வாண்டு அதுவே திருக்குடும்பத் திருநாள். அன்று காலை வந்த கடல், இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில்தான் கொண்டுபோனது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று சமயம் பாராமல் வீடுகள் வெறுமையாயின. அன்று சிறுவராயிருந்து தப்பியவர்கள் இன்று பிள்ளைகளுக்குப் பெற்றோர். "நான் கையை விட்டுவிட்டேன்", "நான் அன்று அனுப்பாமல் இருந்திருந்தால்" என்ற வார்த்தைகளை உள்ளத்தில் பூட்டி வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் உண்டு. மூன்று ஆள் உயரத் தண்ணீருக்குமுன் மனிதக் கையின் பலம் எவ்வளவு என்று அவர்களுக்கு யார் சொல்வது? நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாக்கினாலும் கடவுள் நம் இருதயத்தைவிடப் பெரியவர், அனைத்தும் அறிந்தவர் என்ற கருத்தைப் புனித யோவான் தம் முதல் திருமுகத்தில் (3:20) வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறையேனும் அவர்கள் அதை எடுத்து வாசிப்பது நல்லது. தன்னை மன்னிக்கக் கற்ற பெற்றோரிடமிருந்தே பிள்ளையும் அதைக் கற்கும்.

சோர்வு எல்லை கடந்துபோகும் வேளையும் உண்டு. இறைவாக்கினர் எலியா ஒரு செடியின்கீழ் அமர்ந்து, சாவதே மேல் என்று கேட்டார் (1 அரசர் 19). வானதூதர் வந்து அவரைத் திட்டவில்லை; நம்பிக்கையில்லாதவன் என்று பழிக்கவில்லை. தட்டியெழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னார். அதன்பிறகுதான் பயணம். சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல், தான் இல்லாவிட்டால் நல்லது என்ற விதமாகப் பேசும் பிள்ளையிடம் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. அருகில் இருங்கள்; சாப்பாடு கொடுங்கள்; நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள்; தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவன்று. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம்.

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்திருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இதன் பொருள் என்ன? கண நேர ஆவேசத்தில் கை நீட்டும்போது நஞ்சு அருகில் இல்லாவிட்டால் பலர் பிழைத்து வாழ்கிறார்கள். வயல் செய்யும் வீடுகளில் மருந்துப் போத்தல்களைப் பூட்டி வைத்துச் சாவியைப் பெரியவர் வைத்திருப்பதும் ஓர் அன்புப் பணியே. இப்படி ஒரு மரணம் நிகழ்ந்துவிட்ட குடும்பத்தை நோக்கி விரல் நீட்டவும் வேண்டாம். கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும், அவர்களது மீட்பைப்பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (2282-2283) கூறுகிறது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்திய சட்டமும் 1998இல் நம் நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது.

இரவுச் செபத்தின்போது செய்யும் ஆன்மசோதனைக்கு வருவோம். நம்மில் பலர் அதைப் பிழைகளின் கணக்கெடுப்பாகவே பழகியிருக்கிறோம். புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் வகுத்த முறையில் முதற்படி பிழையன்று, நன்றி. அன்றைய நாளில் கிடைத்த நன்மைகளை எண்ணி நன்றி சொன்ன பிறகே, உள்ளதை உள்ளபடி காணும் வரத்தைக் கேட்கிறோம், பிறகு நாளை ஆராய்கிறோம், பிறகு மன்னிப்பு, கடைசியில் நாளைக்கு ஒரு தீர்மானம். இஞ்ஞாசியாரும் மன்றேசாவில் இருந்தபோது வீண் பாவ அச்சத்தால் வதைபட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைவரை போய் மீண்டவர். ஆகவே இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே பிழைக்குப் போகும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். தீர்மானமும் ஒன்றே போதும், அதுவும் சிறியதாக இருக்கட்டும்: "நாளை தம்பியை அடிக்கமாட்டேன்", "நாளை இரவு ஒன்பதரைக்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்." ஒரே பாவத்தைப் பலமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் மனம் ஆறாத பிள்ளைகள், ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போய், அவர் போதும் என்றால் போதும் என்று ஏற்றுக்கொள்ளட்டும். தெரேசா தம் அக்காவுக்குக் கீழ்ப்படிந்ததும் இந்த வகையில்தான்.

இந்த ஞாயிறு மாலை செபமாலைக்குப்பின் குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள். இந்த வாரத்தில் எனக்கு நானே சொன்ன மிகக் கடுமையான வார்த்தை எது? அதைத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வேனா? போன வருடம் எனக்கு முடியாதிருந்து இந்த வருடம் முடிகிற காரியம் என்ன? கடைசிக் கேள்விக்குத் தகப்பனும் தாயும் முதலில் பதில் சொல்லட்டும். பிள்ளைகளைப் பேசவைக்க வேறு வழியில்லை.

சில பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள், எழுதுவார்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அதைப் பிள்ளை தானாகத் தரும்வரை திறந்து வாசிக்காதீர்கள்.